வாய் மூடிய படம்

போடியில் நான் தமிழாசிரியையாக இருந்த வருஷங்களில் ஒரே ஒரு ஓவியக் கண்காட்சிதான் நடந்தது. எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ, சரியாக நினைவில்லை. தை மாதம் என்பது மட்டும் உறுதி. மலையில் ஏலக்காய் எடுப்பு முடிகிற தறுவாயில் இருந்தது. பதினான்கு படங்கள், எல்லாமே ஆட்களின் முகங்கள். வரைந்தவர் எங்கள் பள்ளியின் ஓவிய ஆசிரியை. படங்களுக்குக் கீழே ஒட்டியிருந்த அட்டைகளில் வாசகம் எழுதியது நான்.

ஓவிய டீச்சர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். வகுப்பில் பூவும் மாம்பழமும் வரையச் சொல்லிக்கொடுத்துச் சலித்துப்போயிருந்தார். "ஆள் வரையணும். ஸ்டூடியோவுல உக்கார்ற மாதிரி உக்கார்றவங்களை இல்லை, வேலை செய்யிற ஆளுங்களை" என்று ஆசிரியர் அறையில் அடிக்கடி சொல்வார். போடியில் வேலை செய்கிற ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. விடியும் நேரத்தில் ஜீப்பு நிற்கிற இடத்துக்குப் போனால் போதும், தூக்குவாளியும் சாக்குமாகப் பெண்கள் மலைக்கு ஏறிக்கொண்டிருப்பார்கள்.

அதனால் சனிக்கிழமைகளில் நாங்களும் ஏறினோம். போடிமெட்டைத் தாண்டி ஓர் ஏலத்தோட்டத்தில் படம் வரைய அனுமதி கிடைத்திருந்தது. ஒரே ஜீப்புதான் எங்களுக்கு வழக்கம். ஓட்டுகிறவருக்கு நாற்பது வயதிருக்கும், ஒல்லியான ஆள், அதிகம் பேச மாட்டார். டீச்சர்மார் என்பதால் எங்களுக்கு முன் சீட்டு. பின்னால் பதினைந்து பதினாறு பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். ஓவிய டீச்சர் மடியில் அட்டையும் காகிதக் கட்டும், என் மடியில் கரித்துண்டு டப்பாவும் புளிச்சோற்றுப் பொட்டலமும் இருக்கும். வளைவுகளில் டப்பா சரியாமல் பிடித்துக்கொள்வது என் வேலை. எனக்கு ஓவியம் தெரியாது. மலைக்குப் போகப் பிடிக்கும், அதனால் கூடப் போனேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் டீச்சர் வரைவார். காய் உலர்த்துகிற ஸ்டோருக்கு வெளியே ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அதில் யாரையாவது உட்கார வைப்பார். ஆள் தேர்வில் அவர் கறாரானவர். ஒரு நாள், தலையில் சாக்கை மடித்துப் போட்டிருந்த ஒரு பெண்ணைக் கை காட்டினார். முப்பத்தைந்து வயதிருக்கும். கன்ன எலும்பு எடுப்பாக, வெயில் விழுந்தால் பாதி முகம் நிழலாகிவிடுகிற முகம். அந்தப் பெண் கூடையில் உட்கார்ந்ததும் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டார்.

"கையை எடுங்கம்மா. பேசக் கூடாது, அசையக் கூடாது" என்றார் டீச்சர்.

"எம்புட்டு நேரத்துக்கு?"

"ஒரு மணி நேரம்."

"ஒரு மணி நேரமும் பேசாமயா?" என்று அவர் கேட்க, சுற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். ஏன் அப்படிச் சிரிக்கிறார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அந்தப் பெண் வாயை மூடினார். பிறகு திறக்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் அதே மாதிரி ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். முடிந்ததும் டீச்சர் படத்தைத் திருப்பிக் காட்டினார். அவர் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா இது ஆரு? எங்க பெரியாத்தா கணக்கா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் காய் எடுக்கப் போய்விட்டார்.

"யாருக்கும் தன் முகம் தனக்கு அடையாளம் தெரியாது" என்றார் டீச்சர், காகிதத்தைச் சுருட்டிக்கொண்டே. அது எனக்கு நல்ல வாசகமாகப் பட்டது. நோட்டில் எழுதி வைத்தேன். அந்தப் பெண்ணின் பெயரை எழுதி வைக்கவில்லை.

மழை பிடித்ததும் மலைக்குப் போவது நின்றது. அதற்குள் பதினான்கு படங்கள் சேர்ந்திருந்தன. அவற்றைக் கண்காட்சியாக வைக்கலாம் என்ற யோசனை தலைமையாசிரியையுடையது. பள்ளியின் பெரிய கூடத்தில் ஆண்டுவிழா ஒத்திகை நடந்துகொண்டிருந்ததால், ஏலக்காய் வியாபாரிகள் கூட்டம் போடுகிற ஒரு மண்டபத்தை மூன்று நாளுக்குக் கேட்டு வாங்கினோம். வெள்ளி, சனி, ஞாயிறு. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தூணுக்குத் தூண் கயிறு கட்டி அதில் படங்களைத் தொங்கவிட்டோம். சாமி படம் சட்டம் போடுகிற கடைக்காரர் கண்ணாடிச் சட்டங்களை இரவல் கொடுத்தார். சிலவற்றின் ஓரத்தில் ஜிகினாப் பூ ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி எடுப்பதிலேயே ஒரு நாள் போயிற்று.

படத்துக்குக் கீழே ஏதாவது எழுதியிருந்தால்தான் வருகிறவர்களுக்குப் புரியும் என்றார் தலைமையாசிரியை. பேர் போட்டால் போதும் என்று ஓவிய டீச்சர் நினைத்தார். ஆனால் எங்களிடம் யாருடைய பேரும் இல்லை. அதனால் பொறுப்பு என்னிடம் வந்தது. எனக்கு அப்போது என் தமிழில் நல்ல கர்வம் உண்டு. தலைப்பாகைக் கிழவருக்கு "உழைப்பு", சாக்கு மூட்டைமேல் சாய்ந்திருந்த சுமைக்காரருக்கு "ஓய்வு" என்று வைத்துக்கொண்டே வந்தேன். தலையில் சாக்குப் போட்ட பெண்ணுக்கு வந்ததும் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தேன். கண்கள் சற்றுக் கீழ் நோக்கி இருந்தன. உதடுகள் இறுக்கமாக மூடியிருந்தன. இடது ஓரத்தில் ஒரு சின்னக் கோடு, டீச்சர் கரித்துண்டின் நுனியால் ஒரே இழுப்பில் போட்டது. "துயரம்" என்று எழுதி, அதற்குக் கீழே சின்ன எழுத்தில், "சொல்லாத சொற்களின் பாரம் இந்த உதடுகளில்" என்று ஒரு வரியும் சேர்த்தேன்.

கண்காட்சியைத் திறந்து வைக்க மதுரையிலிருந்து ஒரு டாக்டர் வந்திருந்தார். ஓவியங்கள் வாங்கிச் சேர்க்கிறவர். ஊர்ப் பெரிய மனிதர்களும் ஆசிரியர்களுமாக ஐம்பது பேர் இருந்தோம். முகம் வரைந்த படத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவர் எங்களுக்கு விளக்கினார். ஆள் மாதிரியே இருக்கிறதா என்று பார்க்கிறது முதல் படி, அதோடு நின்றுவிடக் கூடாது. கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று கண்ணைப் பார்க்க வேண்டும், அப்புறம் வாய், அப்புறம் கழுத்தும் தோளும் எப்படி நிற்கின்றன என்று பார்க்க வேண்டும், என்றார். சொன்னபடியே நாங்கள் பின்னால் தள்ளி நின்று பார்த்தோம். உண்மையிலேயே வேறு மாதிரி தெரிந்தது. "துயரம்" படத்தின் முன்னால் அவர் வெகுநேரம் நின்றார்.

"இந்த உதட்டைப் பாருங்க. வாழ்நாள் முழுக்க அடக்கி வச்ச அழுகை இது" என்றார்.

எல்லாரும் பார்த்தார்கள். எல்லாருக்கும் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. அந்தப் படத்தைத் தானே வாங்கிக்கொள்வதாகவும், ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகவும் அவர் சொல்லிவிட்டுப் போனார். ஓவிய டீச்சர் வரைந்ததில் விலைக்குப் போன முதல் படம் அதுதான். அன்றைக்கு அவர் சாப்பிடக்கூட இல்லை, சந்தோஷத்தில் மண்டபத்துக்குள் நடந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் சாயங்காலம், நாங்கள் ஜன்னல்களைச் சாத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு ஜீப்பு வந்து நின்றது. எங்கள் ஜீப்பு டிரைவர்தான். செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். எங்களைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு, கூட்டத்துக்குள் ஆளைத் தேடுகிறவர்போலப் படங்களை வேகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். சாக்குப் போட்ட பெண்ணின் படத்தில் நின்றுவிட்டார்.

வெளியே ஜீப்பிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். "அண்ணே, வீட்டுல சோலி கெடக்கு. வெரசா வாங்க."

அவர் நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஜீப்பிலிருந்த பெண்களே ஒவ்வொருவராக இறங்கி உள்ளே வந்தார்கள். அவர்களில் ஒருத்தி எழுத்துக் கூட்டிப் படித்தாள். "து, ய, ர, ம்."

டிரைவர் என் பக்கம் திரும்பினார். "துயரம்னா வருத்தம்தான டீச்சர்?"

"ஆமா."

"இவ என் வீட்டுக்காரி டீச்சர்."

எங்களுக்குத் தெரியாது. பின்னால் உட்கார்ந்து வந்த பெண்களில் ஒருத்தி அவர் மனைவி என்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. ஓவிய டீச்சர் மகிழ்ச்சியோடு, "அவங்களையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார்.

"ஐப்பசியில மஞ்சக்காமாலை வந்து போயிட்டா" என்றார் அவர். "ஒரு போட்டாகூட எடுத்தது கெடையாது. நீங்க எழுதுன படம் இங்க வச்சிருக்குன்னு இவளுக சொன்னாளுக. அதான் வந்தேன்."

அந்த நொடியில் என் மனதில் வந்ததை மறைக்காமல் எழுத வேண்டும். பார்த்தாயா, துயரம் என்று சரியாகத்தான் வைத்திருக்கிறோம் என்று ஒரு நினைப்பு வந்தது. ஒரு நொடிதான், ஆனால் வந்தது. அதற்குள் அவர் பேசிக்கொண்டிருந்தார்.

"இவளுக்கு என்ன டீச்சர் வருத்தம்? வாய மூடி நான் இவளப் பாத்ததே இல்ல. தூங்கையிலகூடத் தொறந்துதான் இருக்கும்."

பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "பேசாதன்னு டீச்சர் சொல்லிட்டாங்கன்னு கம்முன்னு இருந்தாண்ணே. அன்னைக்குச் சாயங்காலம் கீழ வர்ற வரைக்கும் சேத்து வச்சுப் பேசுனா."

"பின்னாடி ஒருத்தி சிரிச்சுக்கிட்டே வருவா. வளைவுல ஜீப்பு திரும்பினா சத்தமா சிரிப்பா. கேட்டதில்லையா டீச்சர்?" என்றார் டிரைவர்.

கேட்டிருக்கிறோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்டிருக்கிறோம். டப்பாவைப் பிடித்துக்கொண்டு நானும், பனியைப் பார்த்துக்கொண்டு ஓவிய டீச்சரும் முன்னாலேயே உட்கார்ந்திருந்தோம். அது யாருடைய சிரிப்பு என்று திரும்பிப் பார்த்ததில்லை.

ஓவிய டீச்சரின் முகம் சிறுத்துப்போனது. "இந்தப் படத்தை நீங்க எடுத்துக்கங்க. டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

"இது வேணாம் டீச்சர்" என்றார் அவர், யோசிக்காமல். "கோவிச்சுக்காதீங்க. எம் மகளுக்கு இதக் காட்டுனா ஆத்தாளுக்கு என்ன கோவம்னு கேப்பா. சிரிக்கிற மாதிரி ஒண்ணு எழுதித் தர முடியுமா?"

"நான் அவங்க சிரிச்சுப் பாத்ததில்லையே" என்றார் டீச்சர்.

"நாங்க பாத்துருக்கோம்ல" என்றாள் எழுத்துக் கூட்டிப் படித்தவள். "நாளைக்கு ஞாயித்துக்கெழம. வர்றோம்."

அவர்கள் போன பிறகு நான் அந்த அட்டையைப் பிய்த்து எடுத்தேன். பசை நன்றாகக் காய்ந்திருந்தது, பாதிதான் வந்தது. மீதியைத் தண்ணீர் தொட்டுச் சுரண்டினேன்.

மறுநாள் மத்தியானம் ஒன்பது பெண்கள் வந்தார்கள். வேலைக்கு வருகிற கோலத்தில் இல்லை. தலைக்குக் குளித்து, பூ வைத்து, நல்ல சேலை கட்டி வந்திருந்தார்கள். டிரைவர் தன் மகளைக் கூட்டி வந்திருந்தார், ஒன்பது வயதுப் பெண். ஓவிய டீச்சர் தரையில் பாய் விரித்து, மடியில் அட்டையை வைத்து, பென்சிலோடு உட்கார்ந்தார். பார்த்து வரைந்தே பழகியவர், சொல்லக் கேட்டு வரைந்ததில்லை.

முதல் படத்தைப் பார்த்ததும், "இது சினிமாக்காரி" என்று ஒதுக்கிவிட்டார்கள். இரண்டாவதில் பல் பெரிதாகிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு முன்பல் ஒன்று மற்றதன்மேல் ஏறியிருக்குமாம். எந்தப் பக்கத்துப் பல் என்று சண்டை வந்தது. நாலு பேர் இடது என்றார்கள், மூன்று பேர் வலது என்றார்கள். டிரைவரைக் கேட்டால், "பல்லுன்னு தனியாப் பாத்ததில்ல" என்றார். மகள்தான், "வலது பக்கம். நான் பக்கத்துலதான படுத்திருப்பேன்" என்று தீர்த்து வைத்தாள்.

மூன்றாவதும் தேறவில்லை. பல் சரி, கண் சரியில்லை என்றார்கள். சிரித்தால் அவளுக்குக் கண் இருக்கிற இடமே தெரியாதாம். டீச்சர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "சிரிப்பை ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் வரைய முடியாது" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

அப்போது ஒரு பெண் எழுந்து நின்று, இறந்துபோனவள் தோட்டத்து மேஸ்திரியைப்போல நடித்துக் காட்டுவாளாம், அதை நடித்துக் காட்டினாள். மேஸ்திரி மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிறவர். காலில் அட்டை கடித்ததைக் கவனிக்காமல் வேலை ஏவிக்கொண்டே வந்து, ரத்தத்தைப் பார்த்ததும் "எண்ட அம்மே" என்று உட்காருவார். அவள் உட்கார்ந்த விதத்தில் அந்தச் சின்னப் பெண் சிரித்துவிட்டாள். அதுவரை இறுகிய முகத்தோடு இருந்தவள் தலையைப் பின்னால் சாய்த்து, கண் இரண்டும் கோடாகி, தோளை ஒரு பக்கம் தூக்கிச் சிரித்தாள்.

"அந்தா, அந்தா அதுதான் இவ ஆத்தா சிரிப்பு" என்று பெண்கள் கை நீட்டினார்கள்.

ஓவிய டீச்சர் அதற்குள் பென்சிலை எடுத்துவிட்டார். மகளைப் பார்த்துத் தலையையும் தோளையும் போட்டார். கூடையில் உட்கார்ந்த பெண்ணின் கன்ன எலும்பை நினைவிலிருந்து போட்டார். பல்லைக் கடைசியாகப் போட்டார். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. இந்தத் தடவை பெண்கள் குறை ஒன்றும் சொல்லவில்லை. டிரைவரிடம் நீட்டினார்கள். அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"ம்" என்றார். பிறகு, "இவ பேசுவா" என்றார்.

ஐந்து மணிக்கு டாக்டர் வந்தார். அட்டை எங்கே என்று கேட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் படத்தை மறுபடியும் தள்ளி நின்று பார்த்தார்.

"இருக்கட்டும். எனக்கு இதுல துயரம் தெரியுதே" என்றார்.

"எனக்கும் தெரியுது சார். யாரோடதுன்னுதான் தெரியல" என்றார் ஓவிய டீச்சர்.

டிரைவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அவரிடம், இந்தப் படத்தை இவருக்குக் கொடுப்பதில் உங்களுக்குச் சம்மதமா என்று டீச்சர் கேட்டார். "அது அவ இல்லையே டீச்சர். தாராளமாக் குடுங்க" என்று சொல்லிவிட்டு, படத்தைச் செய்தித்தாளில் சுற்றி டாக்டரின் காரில் வைப்பதற்கு அவரே உதவி செய்தார்.

ஓவியம் என்று பார்த்தால் கரித்துண்டில் வரைந்ததுதான் நல்ல படம். இப்போது கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். பென்சில் படத்தில் கழுத்து ஒரு பக்கம் கோணியிருந்தது, காது தலையோடு ஒட்டவில்லை. ஓவிய டீச்சருக்கும் அது தெரியும். ஆனாலும் அடுத்த வருஷம் மலைக்குப் போனபோது அவர் முன் சீட்டில் உட்காரவில்லை. பின்னால் பெண்களோடு ஏறிக்கொண்டார். யாரையும் பேசாதே என்று சொல்லவில்லை. அவர்கள் பேசினார்கள், பாக்குப் போட்டார்கள், திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். படங்கள் பலதும் வீணாயின. டீச்சர் எரிச்சல்பட்டுக் காகிதத்தைக் கிழித்த நாட்களும் உண்டு. நான் நோட்டில் பேர், ஊர், என்ன வேலை என்று எழுதிக்கொண்டேன். அதற்குமேல் எதுவும் எழுதவில்லை. அந்தப் படங்களைக் கண்காட்சியாக வைக்க முடியவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் அவருக்குக் கும்பகோணத்துக்கு மாறுதல் வந்து, கட்டோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு வருஷம் கழித்து டிரைவர் வீட்டுக்கு ஒரு முறை போயிருக்கிறேன். மகள் எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புச் சேர வேண்டியிருந்தது, அதற்கான தாள்களில் கையெழுத்து வாங்கப் போனேன். பென்சில் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தார்கள். சாமி படங்களோடு மேலே இல்லாமல், சுவரில் இடுப்பு உயரத்துக்கும் கீழே அடித்திருந்தது. இவ்வளவு தாழ்வாக ஏன் என்று கேட்டேன்.

"உக்காந்து சாப்புடையில நேரா இருக்கணும்ல" என்றாள் மகள், நான் கேட்டதே புரியாதவள்போல. பிறகு எனக்கும் அந்தச் சுவரோரம் தட்டு வைத்தாள். அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு. இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.